லேசிக் வேண்டாம், மேற்பரப்பு லேசர் செய்யலாம் என்கிறார் டாக்டர். மேல்தோலை எடுத்தால் பவர் எப்படிச் சரியாகும்?

தூரத்துவானம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26. ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன். இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் 5, வலது கண்ணில் கூடவே 0.75 சிலிண்டர். ஒன்றரை வருஷமாக பவர் ஏறவில்லை. லேசர் செய்துகொள்ளலாமா என்று பார்க்கப் போன வாரம் போயிருந்தேன். ஒவ்வொரு மெஷினிலும் தாடையை வைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் சோதித்தார்கள். கடைசியில் டாக்டர் சொன்னது: "கருவிழி 485 மைக்ரான்தான் இருக்கு. லேசிக் வேண்டாம். பி.ஆர்.கே. பண்ணலாம்."

எனக்குப் புரிந்த வரையில், பி.ஆர்.கே. என்றால் கருவிழியின் (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த கார்னியா) மேல்தோலை எடுத்துவிட்டு லேசர் அடிப்பார்கள், தோல் தானாகத் திரும்ப வளர்ந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. எடுத்த தோல் பழையபடி வளரும் என்றால் பவரும் பழையபடி வந்துவிடாதா? அப்புறம், கருவிழி மெல்லிசு என்று சொல்லிவிட்டு அதையே மேலும் செதுக்கலாம் என்பது எப்படி? வெளியே அத்தனை பேர் காத்திருந்ததில் அங்கேயே கேட்க வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

விழித்துணை எழுதியது:

தோழி, நான் பதினான்கு வருடமாகக் கண் பரிசோதகராக இருக்கிறேன். அறுவை செய்கிறவன் இல்லை. லேசருக்கு முன்னும் பின்னும் கண்ணைச் சோதிப்பது என் வேலை. உங்கள் முதல் கேள்வியைப் பலரும் கேட்காமலே போய்ப் படுத்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்டது நல்லது.

உரிக்கிற தோல் வேறு, செதுக்குகிற இடம் வேறு. கருவிழியின் நடுப்பகுதி பொதுவாக 540 மைக்ரானை ஒட்டி இருக்கும், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் வெளியே தெரியும் எபிதீலியம் என்கிற மேல்தோல் ஏறக்குறைய 50 மைக்ரான்தான். நகம் கீறினாலும் தூசி உரசினாலும் சில நாளில் சுற்றிலும் இருந்து புதுச் செல்கள் நகர்ந்து வந்து மூடிவிடும். அதற்குக் கீழே பௌமன் படலம் என்று ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கும் கீழே ஸ்ட்ரோமா. கருவிழியில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். கோரைப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல கொலாஜன் இழைகள் இருக்கும். இங்கிருந்து எடுத்தது திரும்ப முளைக்காது. லேசர் வடிவம் கொடுப்பது இந்த இடத்தில்தான். மேல்தோலிலேயே செதுக்கினால் நீங்கள் பயந்தது அப்படியே நடக்கும். அதனால்தான் அதை ஒதுக்கிவிட்டுக் கீழே போகிறார்கள். பிறகு வளர்கிற தோல், மேடுபள்ளத் தரையில் விரித்த ஜமுக்காளம் மாதிரி, அடியில் உள்ள வளைவையே எடுத்துக்கொள்ளும்.

அந்த வளைவில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு). அதில் 43 வரை கருவிழியே தருகிறது. மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு பெரும்பாலும் கண் கொஞ்சம் நீளமாக வளர்ந்திருக்கும். பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்கினால் அந்தக் குவியம் பின்னால் தள்ளிப்போய் விழித்திரையில் விழும். பிளஸ் பவருக்கு இதற்கு நேர்மாறு, நடுவைத் தொடாமல் சுற்றிலும் வளையமாக எடுப்பார்கள், நடு மேடாகிவிடும். சிலிண்டருக்கு, அதாவது வளைவு திசைக்குத் திசை மாறுவதற்கு, ஒரு திசையில் கூடுதலாகவும் மற்ற திசையில் குறைவாகவும் எடுப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இரவு வந்து எழுதுகிறேன்.

சதுரக்கட்டம் எழுதியது:

நான் இயற்பியல் ஆசிரியர். விழித்துணை வருவதற்குள் லேசர் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

லேசர் என்றதும் சுடுவது, பொசுக்குவது என்று நினைப்போம். இங்கே பயன்படுவது ஆர்கான் ஃபுளோரைடு எக்சைமர் லேசர். அலைநீளம் 193 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. அதன் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 6.4 எலக்ட்ரான் வோல்ட். புரதத்தில் அணுக்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் பிணைப்பை அறுக்க அது தாராளமாகப் போதும். ஒளி படும் இடத்தில் மூலக்கூறுகள் துண்டுதுண்டாகி ஆவி போலப் பறந்துவிடுகின்றன, வெப்பமும் அவற்றோடேயே போய்விடுகிறது. அடுத்த அடுக்கு கருகுவதில்லை. ஒரு துடிப்புக்கு எடுபடுவது சுமார் கால் மைக்ரான். கத்தியை எவ்வளவு கூராக்கினாலும் இது வராது.

இதில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. இந்த விளைவைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரோடு வேலை செய்தபோது, 1981 நவம்பரில் நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் எக்சைமர் லேசரை அடித்துப் பார்த்தார். ஓரம் கருகாமல் சுத்தமாக வெட்டு விழுந்தது. சாதாரணப் பச்சை லேசர் அதே குருத்தெலும்பைக் கருக்கியிருந்தது. 1983-இல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவரும் சீனிவாசனும் மாட்டுக்கண்களில் செய்த சோதனையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1988-இல் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற மருத்துவர், புற்றுநோய்க்காக அகற்றப்பட இருந்த, ஆனால் பார்வை இருந்த ஒரு கண்ணில் முதல்முறையாக பி.ஆர்.கே. செய்தார். எப்படியும் போகப்போகிற கண்ணைச் சோதனைக்குக் கொடுத்த அந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும். அமெரிக்காவில் 1995-இல் ஒப்புதல் கிடைத்தது. லேசிக் பரவலானது அதற்குப் பிறகுதான், ஆகவே இதைப் புதுச்சோதனை என்று யாரும் பயப்பட வேண்டாம். பி.ஆர்.கே.தான் மூத்தது.

விழித்துணை எழுதியது:

அருமை ஐயா. இப்போது கணக்கு.

எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும் என்பதற்கு மன்னர்லின் என்பவர் பெயரில் ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. சரிசெய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால், ஒரு டயாப்டருக்கு எத்தனை மைக்ரான் என்று வரும். 6.5 மி.மீ. வட்டம் என்றால் சுமார் 14 மைக்ரான். உங்கள் வலது கண்ணில் சிலிண்டரோடு சேர்த்து 5.75. பெருக்கினால் 80 மைக்ரான் சொச்சம். ஒரு தலைமுடியின் தடிமன். உங்கள் இத்தனை வருடக் கண்ணாடி இவ்வளவு மெல்லிய ஒன்றில் அடங்கிவிடுகிறது.

லேசிக்கில் முதலில் சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மூடியை வெட்டித் திறப்பார்கள். லேசர் அதற்கு அடியில் படும். பிறகு மூடியைத் திரும்பப் படிய வைப்பார்கள். மேலே பார்த்தால் ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரியும், ஆனால் அந்த மூடி பழையபடி முழு வலுவோடு சேர்வதில்லை. கருவிழியைத் தாங்குவது அடியில் மிஞ்சும் பகுதிதான். உங்களுக்கு 485-இல் 110-ம் 80-ம் போனால் மிஞ்சுவது 295. குறைந்தது 250 வேண்டும் என்பது பழைய கணக்கு, 300-க்குக் கீழே இறங்க மனம் வராத மருத்துவர்கள் நிறைய. பி.ஆர்.கே.யில் மூடியே கிடையாது. 50 மைக்ரான் மேல்தோல் திரும்ப வளரும். 80-ஐ எடுத்த பிறகும் 355 மைக்ரான் முழு வலுவோடு மிஞ்சும். மெல்லிய கருவிழியைச் செதுக்கலாமா என்று கேட்டீர்களே, அதே பவருக்கு இதில் குறைவாகச் செலவாகிறது என்பதே காரணம்.

ஆனால் தடிமன் மட்டும் போதாது. டோபோகிராபி என்கிற வளைவு வரைபடத்தில் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோயின் சாயல் துளி இருந்தாலும் எந்த லேசரும் வேண்டாம் என்பார்கள். அங்கே 560 மைக்ரான் இருந்தாலும் இந்தப் பேச்சு கிடையாது. "என் வரைபடம் சீராக இருக்கிறதா?" என்று அடுத்த முறை நேராகக் கேளுங்கள். காட்டச் சொல்லியும் கேளுங்கள். சோதனைக்கு எத்தனை நாள் முன்னால் காண்டாக்ட் லென்ஸை நிறுத்தினீர்கள்?

தூரத்துவானம் எழுதியது:

எனக்கு இப்போதுதான் வெளிச்சம் வந்தது போல இருக்கிறது, மிக்க நன்றி. காண்டாக்ட் லென்ஸ்... முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குப் போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விழித்துணை எழுதியது:

அப்படியானால் அந்த அளவுகளை வைத்துத் தேதி குறிக்காதீர்கள், தயவுசெய்து. மென்லென்ஸ் என்றால் குறைந்தது ஒன்று இரண்டு வாரம், கடினலென்ஸ் என்றால் அதைவிட நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். லென்ஸ் கருவிழியை அழுத்தியும் வீங்க வைத்தும் அதன் உருவத்தையே மாற்றி வைத்திருக்கும். தவறான வளைவை அளந்து லேசருக்குக் கொடுத்தால் லேசர் அதைத்தான் நம்பும்.

நாலாம்நாள் எழுதியது:

தங்கச்சி, நான் மூணு வருஷம் முன்னாடி பி.ஆர்.கே. பண்ணிக்கிட்டவன். எனக்கு மைனஸ் 4. அறிவியலை எல்லாரும் சொல்லிட்டாங்க, படுத்திருந்தவன் பார்வையில சொல்றேன்.

மரத்துப்போற சொட்டு விட்டாங்க. இமை மூடாம ஒரு கம்பி மாட்டினாங்க. கருவிழி மேல சின்ன வளையம் மாதிரி ஒண்ணை வெச்சு அதுக்குள்ள நீர்த்த ஆல்கஹால் ஊத்தி அரை நிமிஷம் போல விட்டாங்க. கழுவினப்புறம் ஸ்பாட்டுலாவால தோலை ஓரமா ஒதுக்கறது தெரிஞ்சுது. வலி துளி கூட இல்ல. ஈரக் கண்ணாடியைத் துணியால துடைக்கிற மாதிரி எல்லாம் கலங்கி அசையும். அப்புறம் பச்சை விளக்கையே பாருங்கன்னாங்க. டக்டக்டக்னு சத்தம். தோல் போனதால அந்த விளக்கு ஒரு பெரிய பூ மாதிரி விரிஞ்சு தெரிஞ்சுது. முடி கருகின மாதிரி ஒரு வாசனை. ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது. குளுகுளுன்னு தண்ணி விட்டுக் கழுவி, பவர் இல்லாத ஒரு லென்ஸைக் கட்டு மாதிரி மேல வெச்சு அனுப்பிட்டாங்க.

முதல் நாள் சாயங்காலம் பரவாயில்ல. ரெண்டாம் நாளும் மூணாம் நாளும்தான் சோதனை. வெங்காயம் நறுக்கின கண்ணுல மணலையும் போட்ட மாதிரி. தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஜன்னலுக்குப் போர்வை கட்டி வெச்சிருந்தோம், கதவிடுக்குல வர்ற வெளிச்சம் கூட ஊசி மாதிரி குத்துச்சு. அந்த மரத்துப்போற சொட்டைக் கொஞ்சம் வீட்டுக்குக் குடுங்கன்னு போன் போட்டுக் கெஞ்சினேன். முடியவே முடியாதுன்னுட்டாங்க. அப்ப கோவம் வந்துச்சு.

நாலாம் நாள் காலையில கண்ணைத் திறந்தா வலி போயிருந்துச்சு. போர்வையை நானே கழட்டினேன். என் பேருக்குக் காரணம் அந்த நாள்தான்.

விழித்துணை எழுதியது:

அவர்கள் மறுத்தது உங்கள் நன்மைக்கு. மரத்துப்போகும் சொட்டு எபிதீலியச் செல்கள் நகர்வதையே தடுக்கும். திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாமல் கருவிழியே கெட்டுப்போகலாம். வலி மாத்திரையும் குளிர்ந்த ஒத்தடமும் இருட்டறையும்தான் வழி, அந்த மாத்திரையும் மருத்துவர் கொடுத்ததாக இருக்கட்டும். கருவிழியில் நரம்பு நுனிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் இந்த வலி. தோல் மூடியதும் நரம்பு நுனிகளும் மூடிக்கொள்ளும்.

சில இடங்களில் ஆல்கஹாலுக்குப் பதில் சுழலும் சிறு தூரிகையால் தோலை எடுப்பார்கள். டிரான்ஸ் பி.ஆர்.கே.யில் தோலையும் லேசரே எடுத்துவிடும், கருவி எதுவும் கண்ணைத் தொடாது. லேசெக் என்று இன்னொன்று, தோலை எறியாமல் சுருட்டி வைத்துத் திரும்ப மேலே போர்த்துவார்கள். பெயர்கள் வேறு, ஸ்ட்ரோமாவில் நடப்பது ஒன்றுதான். பெயரைப் பார்த்து அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

அரைக்கண்ணாடி எழுதியது:

எனக்கு 43 வயது. மைனஸ் 2.25. நானும் செய்துகொள்ளலாமா? இப்போது படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன், நன்றாகத் தெரிகிறது.

விழித்துணை எழுதியது:

செய்யலாம், ஆனால் கொஞ்சம் யோசியுங்கள் அண்ணா. உங்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் படிக்க முடிவதற்குக் காரணமே அந்த மைனஸ்தான். அதை அழித்துவிட்டால் தூரம் பளிச்சென்று தெரியும், படிக்கிற கண்ணாடி வந்து சேரும். வெள்ளெழுத்து உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் செதுக்கி அதைத் தடுக்க முடியாது. ஒரு கண்ணில் மட்டும் கொஞ்சம் மைனஸை விட்டுவைக்கும் முறை உண்டு. எல்லோருக்கும் அது ஒத்துவராது, காண்டாக்ட் லென்ஸ் போட்டு சில வாரம் வாழ்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இரவுப்பயணி எழுதியது:

வலி மூன்று நாள்தான் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. தொல்லை மூன்று நாளோடு முடிந்ததாக நினைத்து நான் ஏமாந்தேன்.

எனக்கு மைனஸ் 7.5. முதல் மாதம் பார்வை பிரமாதம். ஸ்டீராய்டு சொட்டை மூன்று மாதம் படிப்படியாகக் குறைத்து விடச் சொல்லியிருந்தார்கள். கண்தான் நன்றாக இருக்கிறதே என்று மூன்றாவது வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். கறுப்புக் கண்ணாடியும் போடவில்லை, வெயிலில் அலைகிற வேலை. மூன்றாம் மாதத்தில் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தது போல பார்வை மங்கியது. இரவில் எதிரே வரும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம். ஹேஸ், அதாவது கருவிழியில் படியும் மூட்டம் என்றார்கள். சொட்டு ஏன் அத்தனை மாதம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அது இன்றும் எனக்கு மனக்குறை. மருந்துச்சீட்டில் எழுதினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். மறுபடி மருந்து தொடங்கி, தெளிய எட்டு மாதம் ஆனது. இரவில் வண்டி ஓட்டுவதை அதுவரை விட்டுவிட்டேன்.

விழித்துணை எழுதியது:

இதை எழுதியதற்கு நன்றி. ஏன் என்பதை நான் சொல்கிறேன். லேசர் பட்ட இடத்தில் ஸ்ட்ரோமாவின் செல்கள் விழித்துக்கொண்டு காயத்தை ஆற்றக் கிளம்பும். அளவு மீறினால் ஒழுங்கற்ற கொலாஜனை நெய்து வைத்துவிடும், அது ஒளியைச் சிதறடிக்கும். ஆழம் கூடக்கூட இந்த வாய்ப்பும் கூடும். அதனால் இப்போது ஆழமாகச் செதுக்கும்போது மைட்டோமைசின் என்ற மருந்தை 0.02 சதவீதக் கரைசலில் பஞ்சில் நனைத்துச் சில நொடிகள் வைத்துக் கழுவிவிடுகிறார்கள். ஸ்டீராய்டு சொட்டும் அதே செல்களை அடக்கி வைக்கத்தான். புற ஊதா ஒளி அவற்றைத் தூண்டும், ஆகவே வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலருக்கு ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், வலியே இருக்காது. சொட்டை நாமாக நிறுத்துவதும் தப்பு, நாமாக நீட்டிப்பதும் தப்பு. நடுவில் வரச்சொல்கிற சோதனைகளைத் தவறவிடாமல் இருப்பது அதனால்தான்.

தூரத்துவானம் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

லென்ஸை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி போனேன். பவர் 5 இல்லை, 4.75. டாக்டரே இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் கீழ்ப்பக்கம் ஒரு நெளிவு இருந்தது, புதியதில் இல்லை. வளைவு சீராக இருக்கிறது என்றார். விழித்திரையையும் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். லேசருக்குப் பிறகும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும், அதனால் விழித்திரையை வருஷாவருஷம் பார்க்கணும் என்று சொன்னார். அடுத்த வியாழக்கிழமை தேதி.

நாலாம்நாள் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. அஞ்சாம் நாள், ஆறாம் நாள் கட்டு லென்ஸை எடுத்தப்புறம் பார்வை பளிச்னு இருக்காது. ஒரு நாள் நல்லாத் தெரியும், மறுநாள் மங்கும். எனக்கு கம்ப்யூட்டர்ல எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. லேசிக் பண்ண என் நண்பன் மறுநாளே ஆபீஸ் போனான், நான் ரெண்டு வாரம் வீட்டுல. மூணாவது மாசம் ரெண்டு பேரும் ஒரே வரியைப் படிச்சோம்.

தூரத்துவானம் எழுதியது:

இன்று ஏழாம் நாள். நேற்று லென்ஸை எடுத்தார்கள். அண்ணன் சொன்னபடியே மூன்றாம் நாள் ராத்திரி அழுதேவிட்டேன், அம்மா விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இப்போது எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் படுக்கையில் இருந்தபடியே சுவர்க் கடிகாரத்தில் மணி தெரிந்தது. கை பழக்கத்தில் தலையணைப் பக்கம் கண்ணாடியைத் தேடியது. வலது கண்ணில் மட்டும் நடுவே ஒரு கோடு போல மங்கலாக இருக்கிறது. இது சரியாகிவிடுமா?

விழித்துணை எழுதியது:

நான் இங்கிருந்து உங்கள் கண்ணைப் பார்க்க முடியாது. அடுத்த சோதனையில் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஆனால் ஏழாம் நாளில் இது வழக்கம். சுற்றிலும் இருந்து வந்த தோல் நடுவில் சந்தித்த இடத்தில் சிறு வரப்பு போல நிற்கும், பார்வைக்கு நேராக. அது தேய்ந்து மழமழப்பாகச் சில வாரம் பிடிக்கும். வலியோ சிவப்போ கூடினாலும், தெரிந்துகொண்டிருந்தது திடீரென்று மங்கினாலும் தேதிக்குக் காத்திராமல் அன்றே போங்கள்.

அந்தச் சோதனைக்குப் போகும்போது லேசருக்கு முந்தைய அளவுகள் எல்லாவற்றிலும் ஒரு நகல் வாங்கி வையுங்கள்: வரைபடம், தடிமன், பவர். கருவிழி மெலிந்ததால் இனிமேல் கண் அழுத்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அளக்கிறவருக்கு லேசர் செய்தது தெரிய வேண்டும். அறுபது வயதுக்கு மேல் கண்புரைக்கு லென்ஸ் வைக்க நேர்ந்தால் அதன் பவரைக் கணக்கிட இந்தப் பழைய எண்களைக் கேட்பார்கள். கடைசியாகப் போட்ட கண்ணாடியின் சீட்டையும் அதே உறையில் வைத்துவிடுங்கள்.